இந்தியப் பண்பாட்டு மையத்தில் பேச்சு, நடனம், கண்காட்சி: நடத்தப்போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கலைஞரிடம் பேசி முடித்து, நோட்டீசும் அடித்த பிறகுதான் பலர் மையத்துக்கு வந்து "ஹால் என்றைக்குக் கிடைக்கும்?" என்று கேட்கிறார்கள். பாதி நிகழ்ச்சி அங்கேயே சறுக்கிவிடுகிறது.

ஐ.சி.சி.ஆர். என்று நாம் சுருக்கிச் சொல்லும் இந்தியக் கலாசார உறவுகள் கவுன்சில் கொழும்பு, கோலாலம்பூர், லண்டன், பெர்லின் எனப் பல ஊர்களில் பண்பாட்டு மையங்களை வைத்திருக்கிறது. அப்படி ஒரு மையத்தில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்காகச் சில வருடங்களாக மேடைக்குப் பின்னால் நிற்கிறேன். புதிதாக வரும் தொண்டர்கள் எங்கே இடறுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து எழுதியது இது. வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தையதை நம்பித்தான் நிற்கிறது.

1. நாளைக் கேட்காதீர்கள், மணிநேரத்தைக் கேளுங்கள்

ஆறு மணி முதல் எட்டு மணி வரை நடனம் என்றால் ஹால் இரண்டு மணிநேரத்துக்குப் போதும் என்று நினைத்துவிடுகிறோம். விளக்குகளைத் திருப்பிப் பொருத்த இரண்டு மணி, ஒலி பார்க்க ஒரு மணி, மேடை ஒத்திகைக்கு ஒன்றரை மணி, ஒப்பனைக்கான இடைவெளி, கடைசியில் ஒதுங்க வைக்க ஒரு மணி. கூட்டிப் பார்த்தால் காலை பத்து, பதினொரு மணிக்கே சாவி உங்கள் கையில் இருக்க வேண்டும்.

பேச்சுக்கு மொத்தம் நான்கு மணிநேரம் போதும். கண்காட்சிக்குப் படங்களை மாட்ட ஒரு முழு நாள், இறக்க அரை நாள். மாட்டும் நாளும் வாடகைக் கணக்கில் வருமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஜனவரி 26, ஜூன் 21, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இந்தி தினமான செப்டம்பர் 14 ஆகிய நாட்களை ஒட்டிய வாரங்களை விட்டுவிடுங்கள். குடியரசு தினம், யோகா தினம் என்று மையத்துக்கே அப்போது வேலை இருக்கும். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை மார்கழி சீசன். நல்ல பக்கவாத்தியக்காரர்கள் சென்னையை விட்டு நகர மாட்டார்கள்.

பக்கத்து அறையில் அன்று என்ன வகுப்பு என்பதையும் விசாரியுங்கள். சங்க இலக்கியப் பேச்சு ஒன்று நடந்துகொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் தபலா வகுப்பு. அகநானூற்றுக்கு அன்றைக்குத் தீன்தால் என்ற இந்துஸ்தானித் தாளத்தில் பின்னணி கிடைத்தது.

அப்புறம் ஒரு சின்ன விஷயம்: ஞாயிறு மாலை 4.30 முதல் 6 வரை ராகுகாலம். உங்களுக்கு நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம். குத்துவிளக்கு ஏற்ற வருகிற பெரியவருக்கு இருக்கலாம். அழைப்பிதழில் ஐந்து மணி என்று போடுவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

2. ஒரே பக்கத்தில் ஒரு கடிதம்

மையத்தின் இயக்குநருக்கு எழுதும் கடிதத்தில் சங்கத்தின் சாதனைகள் வேண்டாம். மேடையில் எத்தனை பேர், என்னென்ன கருவிகள், எத்தனை பார்வையாளர்கள், தீபம் உண்டா, உணவு உண்டா, மாட்டப்போகும் பொருட்கள் என்ன எடை. அனுமதி தருகிறவர் பார்ப்பது இவற்றைத்தான்.

டிக்கெட் விற்கலாமா, அரங்கில் புத்தகமோ ஓவியமோ விற்கலாமா என்பதை வாய்வார்த்தையாக இல்லாமல் எழுத்தில் வாங்குங்கள். மையம் தூதரகத்தோடு இணைந்து நடப்பது. விற்பனையும் நன்கொடை வசூலும் அங்கே சாதாரண விஷயம் இல்லை. கட்சி வாடை அடிக்கும் தலைப்பையும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இந்தியாவிலிருந்து கலைஞர் வருவதானால் விமான டிக்கெட் எடுப்பதற்கு முன் விசாவைப் பாருங்கள். சுற்றுலா விசாவில் வந்து மேடை ஏறுவதைப் பல நாடுகள் அனுமதிப்பதில்லை. நடனமணிக்கு மட்டும் சரியான விசா எடுத்துவிட்டு, மிருதங்கக்காரரைச் சுற்றுலாவில் வரச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

3. மூன்றும் சேர்ந்தால் எது முதலில்

ஒரே வார இறுதியில் மூன்றையும் வைக்க ஆசைப்பட்டால் கண்காட்சி, பேச்சு, நடனம் என்ற வரிசையில் வையுங்கள். வெள்ளி மாலை கண்காட்சித் திறப்பு, சனிக்கிழமை அதே பொருளைப் பற்றிய பேச்சு, ஞாயிறு நடனம். பேச்சைக் கேட்டவர் மறுபடி ஒருமுறை படங்களைப் பார்ப்பார். நடனத்துக்கு வரும் கூட்டம் கடைசி நாளில் வருவதால் கண்காட்சிக்கும் ஆள் சேரும்.

முகப்பு மண்டபத்தில் கண்காட்சிப் பலகைகளை நிறுத்துவதாக இருந்தால் ஞாயிறு மாலையின் கூட்டத்தை மனதில் வைத்து நிறுத்துங்கள். அவசர வழியை மறைக்கும் பலகையைக் கடைசி நேரத்தில் அகற்றச் சொல்வார்கள். அகற்றிய இடத்தில் தொடர்ச்சி அறுந்துபோகும்.

4. கண்காட்சி: பொருள் கைக்கு வருவதற்கு முன்

இந்தியாவிலிருந்து பழம்பொருள் கொண்டுவர நினைத்தால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 100 ஆண்டுகளுக்குக் குறையாத சிற்பம், ஓவியம், கைவினைப் பொருள் ஆகியவற்றைத் தனியார் நாட்டைவிட்டு எடுத்துச் செல்ல முடியாது. அறிவியல், வரலாறு, இலக்கிய மதிப்புள்ள சுவடிகளுக்கு இந்த வரம்பு 75 ஆண்டுகள்தான்.

"தாத்தா வீட்டுப் பரணில் ஓலைச்சுவடி இருக்கிறது, பெட்டியில் போட்டுக் கொண்டுவரட்டுமா?" என்று ஒருவர் நல்லெண்ணத்தோடு கேட்டார். கூடாது. படம் எடுத்துப் பெரிதாக அச்சிட்டு மாட்டுங்கள். பார்க்கிறவருக்கும் எழுத்து தெளிவாகத் தெரியும். புதிதாகச் செய்த வெண்கலச் சிலையே ஆனாலும் பார்வைக்குப் பழையதுபோல் இருந்தால் சுங்கத்தில் நிறுத்துவார்கள். அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுபோகும் பொருட்களுக்கு ஏ.டி.ஏ. கார்னே என்ற தற்காலிக இறக்குமதி ஆவணம் உண்டு. அதை ஏற்கும் நாடுகளில் வரி கட்டாமல் கொண்டுவந்துவிடலாம். ஒரு வருடத்துக்கு மேல் செல்லாது. அதில் வந்த பொருளை விற்க நினைக்காதீர்கள். பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் திரும்பிப் போக வேண்டும், ஒன்று குறைந்தாலும் வரி கேட்பார்கள்.

பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலை, ஒவ்வொரு பொருளையும் நான்கு பக்கமும் போனில் படம் எடுப்பது. தஞ்சாவூர் ஓவியத்தில் ஒரு கல் உதிர்ந்திருந்தால் அது வழியில் உதிர்ந்ததா, உங்கள் சுவரில் உதிர்ந்ததா என்ற சண்டைக்கு வேறு சாட்சி கிடையாது.

5. கண்காட்சி: மாட்டுவது

ஆணி அடிக்கலாமா என்று கேளுங்கள். பல மையங்களில் கூடாது. தண்டவாளம்போல் மேலே ஓடும் கம்பியிலிருந்து தொங்கவிட வேண்டும். பலகையில் செய்த தஞ்சாவூர் ஓவியம் சட்டமும் கண்ணாடியும் சேர்ந்து நல்ல கனம் கனக்கும். கொக்கி எவ்வளவு தாங்கும் என்று தெரியாமல் தொங்கவிடாதீர்கள்.

எல்லாப் படங்களின் நடுப்பகுதியும் தரையிலிருந்து சுமார் 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில் வரட்டும். மேல் விளிம்பைச் சமமாக வைப்பதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. படங்களின் அளவு வேறுபடும்போது கண் மேலும் கீழும் அலைகிறது.

பட்டு, கலம்காரி, காகித ஓவியம் ஆகியவற்றுக்கு வெளிச்சம் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில் போதும் என்பது அருங்காட்சியக வழக்கம். லக்ஸ் மீட்டர் இல்லையென்றால் ஜன்னல் வெயில் படாத சுவராகப் பார்த்து மாட்டுங்கள். இயற்கைச் சாயம் வெளுத்தால் திரும்பாது. தங்க ரேக்கு ஒட்டிய ஓவியத்துக்கு நேர் எதிரே விளக்கு வைத்தால் கண்ணாடியில் விளக்குதான் தெரியும், கிருஷ்ணர் தெரிய மாட்டார். பக்கவாட்டில் மேலிருந்து சாய்த்து அடியுங்கள்.

குறிப்பு அட்டைகளில் அறுபது சொற்களுக்கு மேல் யாரும் படிப்பதில்லை. எங்கள் முதல் கண்காட்சியில் நான் எழுதிய அட்டை ஒவ்வொன்றும் முழுப் பக்கம். பார்த்தவர்கள் அட்டையைத்தான் படம் எடுத்துக்கொண்டு போனார்கள், வீட்டில் படிக்கிறோம் என்று. தமிழிலும் அந்த ஊர் மொழியிலும் எழுதுங்கள், எழுத்து பெரிதாக இருக்கட்டும்.

6. பேச்சு

பேச்சாளரிடம் கால அளவைச் சொல்லும்போது "ஒரு மணிநேரம்" என்று சொல்லாதீர்கள். "நாற்பது நிமிடம் நீங்கள், இருபது நிமிடம் கேள்விகள்" என்று சொல்லுங்கள். ஒரு மணிநேரம் என்று கேட்டவர் அதை முழுக்கத் தனக்கென்றே எடுத்துக்கொள்வார். தவறு அவருடையது இல்லை.

படவில்லைகளை முந்தைய நாளே வாங்கி மையத்தின் கணினியிலேயே திறந்து பாருங்கள். தமிழ் எழுத்துரு அதில் இல்லையென்றால் கட்டம் கட்டமாக வரும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியிருந்தால் குறளுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடக்கும். பி.டி.எஃப். ஆக மாற்றி அனுப்பச் சொல்லிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஒலியோ காணொளியோ இருந்தால் அவை தனிக் கோப்பாக வரட்டும்.

அறிமுகம் ஒன்றரை நிமிடம். பேச்சாளர் அனுப்பும் தன்விவரம் மூன்று பக்கம் இருக்கும். இன்றைய தலைப்பைப் பற்றிப் பேச இவருக்கு என்ன தகுதி என்பதைக் காட்டும் இரண்டு வரிகளை மட்டும் அதிலிருந்து எடுங்கள்.

கேள்வி நேரத்தில் மைக்கை யார் கையிலும் கொடுக்காதீர்கள். தொண்டர் பிடித்துக்கொள்ள, கேட்பவர் பேசட்டும். மைக் கைமாறிவிட்டால் கேள்வி இரண்டாவது சொற்பொழிவாகிவிடும், வாங்க முடியாது. முதல் கேள்வியை நீங்களே ஒருவரிடம் சொல்லி வையுங்கள். அந்த முதல் மௌனம் கலைந்துவிட்டால் மற்றவை தானே வரும்.

7. நடனம்: தரை

எல்லாவற்றுக்கும் முன்னால் மேடைத் தரையைக் காலணி இல்லாமல் நடந்து பாருங்கள். மரத்தரை நல்லது. சிமெண்டின் மேல் மெல்லிய விரிப்பு என்றால் அரைமண்டியில் (முழங்காலை மடக்கி நிற்கும் நிலை) தட்டும் அதிர்வெல்லாம் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் போகும். மேடைக் கம்பளம் அதைவிட மோசம், பாதம் சிக்கும். கம்பளத்தை எடுக்க முடியாது என்றால் அதன்மேல் ஒட்டுப்பலகை வாடகைக்கு எடுத்துப் போட்டு இணைப்புகளை நாடாவால் ஒட்டுங்கள். கலைஞருக்குத் தரையின் நிலையை முன்பே சொல்லுங்கள். உருப்படிகளை, அதாவது ஆடப்போகும் நடனங்களை, அவர் அதற்கேற்ப மாற்றிக்கொள்வார்.

நடராஜர் சிலைக்கு முன் குத்துவிளக்கு ஏற்றலாமா என்பது தீயணைப்பு விதியைப் பொறுத்தது. கற்பூரப் புகை உணர்கருவியைத் தட்டிவிட்டால் கட்டிடம் முழுக்கக் காலியாகும். அனுமதி இல்லாத இடத்தில் பேட்டரி தீபம் வைப்பதில் வெட்கம் எதுவும் வேண்டாம். அனுமதி இருந்தால் விளக்கின் அடியில் அகலமான தட்டு வையுங்கள். எண்ணெய் ஒரு துளி மேடையில் சிந்தினாலும் வெறுங்காலுக்கு அது போதும்.

புஷ்பாஞ்சலி முடிந்ததும் தூவிய பூ மேடையில் கிடக்கும். ஒரு மல்லிகை குதிகாலின் கீழ் நசுங்கினால் என்ன வழுக்கு வழுக்கும் என்பதை ஆடியவர்களைக் கேளுங்கள். அடுத்த உருப்படிக்கு முன் ஈரமில்லாத துடைப்பத்தோடு ஒருவர் ஓரத்தில் தயாராக நிற்க வேண்டும். உடையிலிருந்து விழும் ஊக்குகளையும் அவரே பார்க்கட்டும். காலில் பூசிய அல்தா என்ற சிவப்புச் சாயம் வெளிர் நிறத் தரையில் தடம் பதிக்கும். நன்றாகக் காய்ந்த பிறகே மேடைக்கு வரச் சொல்லுங்கள்.

8. நடனம்: ஒலி

பதிவிசை என்றால் ஒவ்வொரு உருப்படியும் தனிக் கோப்பாக, 01, 02 என்று எண்ணிட்டு, இரண்டு பென்டிரைவில் இருக்க வேண்டும். போனிலிருந்து போடவே போடாதீர்கள். பதம் என்ற அபிநயப் பாட்டின் நடுவில் வாட்ஸ்அப் மணி அடித்தால் அபிநயம் முடிந்தது.

நேரிசை என்றால், ஜதி சொல்லிக் கைத்தாளம் தட்டி நடத்தும் நட்டுவனாரை ஆடுகிறவரின் கால் தெரியும் இடத்தில் உட்கார வையுங்கள். எந்தப் பக்கம் என்பதை அவரே சொல்லட்டும். அவருடைய மைக் வாய்க்குத்தான். தாளத்துக்கென்று தனி மைக் வைத்தால் கைத்தாளத்தின் ஓசை காதைக் கிழிக்கும். பாடகரின் கட்டை (சுருதி அளவு) என்ன என்று கேட்டுச் சுருதிப்பெட்டியின் ஒலியைக் கலைஞர்கள் பக்கத்து ஸ்பீக்கரிலும் விடுங்கள். ஆடுகிறவரை நோக்கி ஒரு ஸ்பீக்கர் கட்டாயம். அரங்குக்குக் கேட்பது மேடைக்குக் கேட்காது.

ஒலி அளவு சரியா என்று பார்க்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். மூன்றாவது வரிசையில் உட்காருங்கள். சலங்கை கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் பாட்டு அதிகம்.

இன்னொன்று, ஒரு பிடி ரவை வைத்திருங்கள். மிருதங்கத்தின் இடந்தலையில் ரவையைப் பிசைந்து ஒட்டுவார்கள். நிகழ்ச்சிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது "ரவை இருக்கிறதா சார்?" என்று கேட்பார்கள். வெளிநாட்டில் ஞாயிறு மாலை எந்தக் கடை திறந்திருக்கும்?

9. நடனம்: விளக்கு

நடன நிகழ்ச்சிகளில் அதிகம் கெட்டுப்போவது இதுதான். அபிநயம் முகத்தில் நடக்கிறது. ஆகவே முன்னாலிருந்து இளமஞ்சள் கலந்த வெளிச்சம் எப்போதும் இருக்க வேண்டும். பச்சை அடித்தால் முகம் நோயாளி மாதிரி ஆகும். சிவப்பு அடித்தால் அரக்குப் பட்டின் நிறமே தெரியாது. வண்ணம் வேண்டுமானால் பின்திரைக்குக் கொடுங்கள்.

விளக்கு இயக்குகிறவர் பெரும்பாலும் மையத்தின் ஊழியர். கெட்டிக்காரராக இருப்பார், ஆனால் தாளம் தெரியாது. ஒருமுறை வர்ணம் என்ற நீண்ட உருப்படியில் முதல் தீர்மானம் (ஜதிகளுக்கு ஆடும் பகுதி) முடிந்து ஆடியவர் அப்படியே சிலையாக நின்றார். முடிந்துவிட்டது என்று நினைத்து விளக்கை அணைத்துவிட்டார்கள். அரங்கம் கைதட்டியது. இருட்டில் மிருதங்கம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. வர்ணத்துக்கு இன்னும் அரைமணி நேரம் பாக்கி.

அன்றிலிருந்து விளக்கு மேசையில் உருப்படி தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைக்கிறோம், பெரும்பாலும் ஆடுகிறவரின் மாணவி யாராவது. கையில் ஒரு தாள்: அலாரிப்பு, ஐந்து நிமிடம், இருட்டில் நுழைவு, வர்ணம், நாற்பது நிமிடம், இடையில் அணைக்கவே கூடாது, தில்லானா, கடைசி அறுதிக்குப் (முடிப்பு அடவுக்குப்) பிறகு மூன்று எண்ணி அணை. இப்படி உருப்படிக்கு ஒரு வரி போதும்.

10. அன்றைய நாள்

ஒப்பனைக்கு இரண்டரை மணிநேரம் ஒதுக்குங்கள். பெரிய கண்ணாடி, நல்ல விளக்கு, இஸ்திரிப் பெட்டி, பூட்டு உள்ள கதவு, அருகிலேயே கழிவறை. வாழைப்பழமும் வெந்நீரும் வையுங்கள். முழுச் சாப்பாட்டை நிகழ்ச்சிக்கு முன் நீட்டாதீர்கள், யாரும் சாப்பிட மாட்டார்கள்.

குழந்தைகள் ஆடுவதாக இருந்தால் அவர்களை முதலில் ஆடவிட்டு, வேண்டியவர்கள் வீட்டுக்குப் போகட்டும். ஏழு வயதுக் குழந்தையைச் சலங்கையோடு எட்டரை மணி வரை உட்கார வைப்பது கொடுமை.

இப்போது நம் வியாதிக்கு வருவோம். வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை, நினைவுப் பரிசு. இவை தொடக்கத்தில் வந்தால் உடம்பைச் சூடாக்கிக்கொண்டு நிற்கும் கலைஞர் குளிரூட்டிக் காற்றில் அரைமணி நேரம் விறைத்துப்போவார். தொடக்கத்தில் விளக்கேற்றலும் இரண்டு நிமிட வரவேற்பும் மட்டும். மற்றதெல்லாம் உடை மாற்றும் இடைவேளையில். அந்தப் பத்து நிமிடத்தை எப்படியும் எதையாவது வைத்து நிரப்பத்தான் வேண்டும். பொன்னாடைக்கு அதைவிட நல்ல நேரம் இல்லை.

தலைமை விருந்தினர் தாமதமானால் என்ன செய்வது என்பதை மைய இயக்குநரோடு முன்பே பேசி முடிவெடுங்கள். எங்கள் வழக்கம் பத்து நிமிடம் பொறுப்பது, பிறகு தொடங்கிவிடுவது. ஒதுக்கிய முன்வரிசையில் காலியாக உள்ள இடங்களையும் அப்போதே திறந்துவிடுகிறோம். பின்னால் நிற்கும் மக்கள் முன்னே வந்துவிடுவார்கள்.

தூதரகத்தோடு சேர்ந்த கட்டிடம் என்றால் வாசலில் பை சோதனை இருக்கும். அடையாள அட்டை கேட்கலாம். அழைப்பிதழிலேயே இதைப் போட்டு, அரைமணி முன்னதாக வரச் சொல்லுங்கள். போனில் படம்பிடிக்கும் பெற்றோருக்கு ஓரத்தில் ஒரு வரிசையைக் கொடுத்துவிடுங்கள். தடுத்தால் எழுந்து நிற்பார்கள்.

11. முடிந்த பிறகு

கூட்டம் கலைவதற்கு முன் மேடை எண்ணெயைத் துடையுங்கள், ஊறிவிட்டால் போகாது. கண்காட்சிப் பொருட்களை இறக்கும்போது முதல் நாள் எடுத்த படங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, உரியவரிடம் கையெழுத்து வாங்கிய பிறகே பெட்டியில் வையுங்கள்.

கலைஞர்களின் சன்மானம் அன்றிரவே உறையில் போகட்டும். பக்கவாத்தியக்காரர்களுக்குத் தனித்தனி உறை, பெயர் எழுதி.

காணொளியை யூடியூபில் ஏற்றுவதானால் கலைஞரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். தியாகராஜர் கீர்த்தனைக்கு இன்று யாரிடமும் உரிமை கேட்க வேண்டியதில்லை. ஆனால் அதை இன்னொருவர் பாடி வெளியிட்ட ஒலிப்பதிவுக்கு உரிமையாளர் உண்டு. பதிவிசைக்கு ஆடிய காணொளிகள் ஊமையாகிப்போவது இதனால்தான்.

கடைசியாக ஹாலைச் சுற்றி ஒரு நடை நடந்து, சுருதிப்பெட்டி, பென்டிரைவ், மிச்ச ரவை எல்லாம் எடுத்தாயிற்றா என்று பார்த்துவிட்டுச் சாவியை அலுவலகத்தில் ஒப்படையுங்கள். அடுத்த வருடத்துக்கான மணிநேரத்தை அப்போதே கேட்டு வைத்தாலும் தப்பில்லை.